குளத்து நீரைப் பங்கிடும் மேசையில் உங்கள் கண்டத்துக்கும் ஓர் இடம்
(மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாகத் தெரிவான விவசாயப் பிரதிநிதிக்கான வழிகாட்டி)

விவசாய அமைப்பின் பொதுக்கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரை முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். இனி திட்ட முகாமைத்துவக் குழுவுக்கு உங்கள் கண்டத்தின், அதாவது உங்கள் வயல் தொகுதியின், சார்பில் போக வேண்டியவர் நீங்கள்தான். குளத்தில் எப்போது துருசு (நீர் விடும் கதவு) திறப்பது, சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) எத்தனை ஏக்கர் அனுமதிப்பது, எந்த வாய்க்காலை முதலில் திருத்துவது என்பதெல்லாம் பேசப்படுகிற மேசை அது. அங்கே எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் உங்கள் வார்த்தைக்கு எடை இருக்க வேண்டுமானால், அது உங்களுடைய தனிப்பட்ட கருத்தாக இருக்கக் கூடாது. கீழே உள்ளவர்கள் சொன்னதை மேலே கொண்டுபோவதும், மேலே முடிவானதைப் பிசகாமல் கீழே கொண்டுவருவதும்தான் உங்கள் வேலை. பேச்சுத் திறமை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தால் அது பெரிய குறையாகத் தெரியாது.

உங்கள் தண்ணீர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

ஒவ்வொரு குளத்துக்கும் சொந்தக்காரத் திணைக்களம் வேறு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதற்கு மேற்பட்டவற்றில் சில மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், பெரியவை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இருக்கின்றன. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று மட்டக்களப்பு விவசாயி வாயில் அடிக்கடி வரும் குளங்கள் எல்லாம் பெரும் திட்டங்கள். அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வழியாக வரும் நீர்தான் பெரும்பகுதி வயலுக்கு உயிர். உங்கள் வாய்க்கால் எந்தத் திணைக்களத்துடையது, அதற்குப் பொறுப்பான பொறியியலாளர் யார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் யார், அலுவலகம் எங்கே என்பதை முதல் வாரத்திலேயே கொப்பியில் எழுதி வையுங்கள். மாகாணத் திணைக்களத்துக் குளத்தின் கட்டு உடைந்ததற்கு மத்திய திணைக்கள அலுவலக வாசலில் நின்று ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் கதிரை எந்தப் படியில்?

அடிப்படி, ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களின் குழு. அதற்கு மேல் கிளை வாய்க்காலையோ கண்டத்தையோ எல்லையாகக் கொண்ட விவசாய அமைப்பு. இது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் உங்கள் கமநல சேவைகள் நிலையத்தில் உண்டா, ஆண்டுக் கணக்கு சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் வேலை சரியில்லை என்றால், மேசையில் நீங்கள் எதிர்த்துப் பேசும்போது முதலில் இதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். அமைப்புகளின் பிரதிநிதிகளும் உத்தியோகத்தர்களும் சேர்ந்து உட்காரும் இடம் திட்ட முகாமைத்துவக் குழு. அதற்கு மேலே அரசாங்க அதிபர் தலைமையில் மாவட்ட விவசாயக் குழு.

இதோடு ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது எல்லா விவசாயிகளுக்கும் திறந்த கூட்டம். அங்கே எடுக்கப்படும் பயிர்ச்செய்கைத் தீர்மானங்கள் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். விதைப்பு முடிய வேண்டிய திகதி, முதல் நீர் விடும் திகதி, கடைசி நீர் நிறுத்தும் திகதி, மாடுகளை வயற்பிரதேசத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய திகதி எல்லாம் அதில்தான் வரும். மீறுபவர் மீது வழக்குப் போகலாம். ஆனால் அந்தப் பெரிய கூட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கணக்கை முன்கூட்டியே அலசி ஆராய வாய்ப்புள்ள இடம் திட்ட முகாமைத்துவக் குழுதான். ஆகவே அதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கதிரை எப்படி வந்தது என்பதையும் புதியவர் தெரிந்திருக்க வேண்டும். பட்டிப்பளை ஆறு என்று நம்மவர்கள் அழைத்த கல்லோயாவை மறித்துத் திட்டம் தொடங்கியபோது, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை என்று ஒன்றைச் சட்டத்தால் அமைத்தார்கள். பிறகு அது ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபையாக மாறியது. நியமனம் மேலிருந்து வந்தது, உத்தரவும் மேலிருந்து வந்தது. வாய்க்காலின் கடைசியில் நின்றவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்து, கடைக்கோடி வயல்களுக்கு நீர் எட்டாத நிலையில்தான், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை விவசாயிகளிடையே இறக்கின. 1981இல் வேலை தொடங்கியபோது சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்வாசி நீர்தான் கிடந்தது. அப்படிப்பட்ட போகத்தில் மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் தாங்களே துப்புரவு செய்து, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம்பிடித்த நீரைக் கீழே விட்டார்கள். கீழே தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். இனக்கலவரத்துக் காலத்தில் இது நடந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நிறைகிறது. அந்த அனுபவத்தின் பிறகுதான் மாவட்ட விவசாயக் குழுவில் விவசாயப் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. 1988இல் பங்கேற்பு முகாமைத்துவம் அரசின் கொள்கையானது. 1994இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் திருத்தப்பட்டது. சும்மா கிடைத்த கதிரை இல்லை இது.

கூட்டத்துக்குப் போவதற்கு முன்

இதுதான் முக்கால்வாசி வேலை. கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே வாய்க்காலை முழுதாக நடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளில் கட்டின் மேலால் போய்வருவது நடந்ததாகாது. இறங்கி நடக்க வேண்டும். தனியாகவும் போகாதீர்கள். வயல்களையும் நீர்ப்பங்கீட்டையும் கவனிக்கும் வட்டவிதானையைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மதகு கசிகிறது, எந்த இடத்தில் யாரோ வாய்க்கால் கட்டினை வெட்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள், எங்கே ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற நீர்க்களைகள் அடைத்து நீர் பின்வாங்குகிறது என்பதெல்லாம் அவர் கைவிரல் நுனியில் இருக்கும். பார்த்ததைப் பொதுவாக எழுதாமல் இடம் சொல்லி எழுதுங்கள். "வாய்க்கால் பழுது" என்றால் யாரும் அசையமாட்டார்கள். "இரண்டாம் மதகிலிருந்து கீழே, பெரிய மருத மரத்துக்கு எதிரே, இடதுபக்கக் கட்டு ஏழு எட்டு அடி நீளத்துக்கு இடிந்திருக்கிறது, திறந்த நீரில் பாதி வடிச்சலுக்குப் போகிறது" என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பேனாவை எடுப்பார். தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது மேலிருந்து கீழே வராமல் கடைசி வயலிலிருந்து மேலே போங்கள் என்பது என் ஆலோசனை. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவருக்குக் குறை குறைவு, குரல் அதிகம். கடைக்கோடியில் உள்ளவருக்கு நேர்மாறு. அவருடைய வரம்பில் நின்று, "அண்ணன், போன சிறுபோகம் கடைசித் தண்ணி உங்களுக்கு வந்ததா?" என்று கேட்டால் வரும் பதில்தான் உங்கள் கண்டத்தின் உண்மை நிலை.

பிறகு கண்டக் கூட்டம். இங்கே யார் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நமது பக்கம் காணி பெரும்பாலும் பெண் வழியில் வருகிறது. சீதனமாக வந்த வயல் மனைவியின் பெயரில் இருக்கும், கூட்டத்துக்குக் கணவர் வருவார். கணவரை இழந்தவர்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று தாங்களே வேளாண்மை செய்விக்கும் பெண்கள் படுவான்கரையிலும் கரைவாகுப் பக்கமும் நிறையப் பேர். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். பகலில், கோயில் வளவிலோ பல்நோக்கு மண்டபத்திலோ வையுங்கள். அதேபோலக் குத்தகைக்குச் செய்பவர்கள். காணி ஒரு போடியாருடையது (பெரிய நிலக்காரருடையது), அவர் நகரத்தில் இருக்கிறார், சேற்றில் இறங்குவது குத்தகைக்காரர். விதைப்புத் திகதி பிந்தினால் முதலில் அடிபடுவது அவர்தான். அவர் சொல்லாமல் எடுத்த முடிவைக் கண்டத்தின் முடிவு என்று மேலே கொண்டுபோகாதீர்கள்.

கூட்டம் முடியும்போது மூன்று விடயங்களுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்துக் கோரிக்கை கொண்டுபோனவருக்குப் பத்துக்கும் "பார்க்கிறோம்" என்ற பதிலே கிடைக்கும். எது கட்டாயம், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் அங்கேயே பேசி முடித்து, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மேலே போய் நெருக்குதல் வரும்போது அந்தக் கையெழுத்துத் தாள் உங்களைத் தாங்கும்.

தண்ணீர்க் கணக்கு

இதைப் படிக்காமல் போகாதீர்கள். பெரும்போகத்தில் வாடைக்காற்று மழை கைகொடுக்கும். சிறுபோகம் முழுக்கக் குளத்தை நம்பியது. கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசத் தொடங்கினால் குளத்து நீர் கண்முன்னே ஆவியாகும். ஆகவே சிறுபோக ஏக்கர் எண்ணிக்கைதான் ஒவ்வொரு வருடமும் சண்டைக்குரிய விடயம்.

பொறியியலாளர் நீரை ஏக்கர் அடியில் சொல்வார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி, கன மீட்டரில் சொன்னால் சுமார் 1,233. கற்பனைக்கு ஒரு குளத்தை எடுப்போம். துருசால் எடுக்கக்கூடிய நீர் 12,000 ஏக்கர் அடி. ஆவியாதல், கசிவு, குடிநீர் என்று 2,000 கழித்தால் 10,000. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு சிறுபோகத்தில் 4 ஏக்கர் அடி என்று வைத்தால் 2,500 ஏக்கர் செய்யலாம். மண்ணையும் வாய்க்காலின் நிலையையும் நெல்லின் வயதையும் பொறுத்து இந்த நான்கு கூடும், குறையும். விவசாயிகள் 3,500 ஏக்கர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஆயிரம் ஏக்கருக்கு நீர் இல்லை. ஆசைப்பட்டு எல்லாருக்கும் அனுமதி கொடுத்தால், கதிர் தள்ளும் நேரத்தில் கடைசி வயல்கள் காயும். "எல்லாருக்கும் கொடுங்க சேர்" என்று கத்துவது அந்த நேரத்துக்கு நல்ல பிரதிநிதி என்ற பெயர் தரும். நட்டம் கடைக்கோடி வயல்காரருக்கு.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இன்று குளத்தில் எத்தனை அடி, அது எத்தனை ஏக்கர் அடி? போன வருடம் இதே திகதியில் எவ்வளவு இருந்தது? துருசு மட்டத்துக்குக் கீழே கிடக்கும், எடுக்க முடியாத நீரைக் கழித்துவிட்டுச் சொல்கிறீர்களா? ஏக்கருக்கு எவ்வளவு என்று வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? 105 நாள் நெல்லுக்குப் பதிலாக பீஜி 300 போன்ற மூன்று மாத நெல்லை எல்லோரும் விதைத்தால் எத்தனை ஏக்கர் கூடும்? எல்லாக் கண்டமும் பத்து நாளுக்குள் விதைப்பை முடித்தால் எவ்வளவு மிச்சம்? கடைசிக் கேள்வி முக்கியமானது. தலைப்பில் உள்ளவர் முந்தி விதைத்து, கடைக்கோடியில் உள்ளவர் ஒரு மாதம் பிந்தி விதைத்தால், இரண்டு பேருக்காகவும் வாய்க்கால் முழுவதும் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீர் யாருக்கும் பயன்படாமல் வடிச்சலில் போகும்.

குளத்து நீர்மட்ட அளவுகோலை நீங்களே போய்ப் பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை எழுதிவைத்தால் ஒரு போகத்துக்குள் உங்கள் குளத்தின் போக்குப் பிடிபட்டுவிடும்.

மேசையில்

முதலில் நிகழ்ச்சிநிரலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் விடயம் அதில் இல்லையென்றால், கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துச் சேர்ப்பியுங்கள். "வேறு விடயங்கள்" என்ற கடைசிப் பகுதிக்கு வரும்போது பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

மொழியைப் பற்றிக் கூச்சமே வேண்டாம். அம்பாறைப் பக்கம் இரு மொழி விவசாயிகளும் ஒரே குழுவில் உட்காருகிறீர்கள். கூட்டம் சிங்களத்தில் ஓடினால், மொழிபெயர்ப்பு வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். தமிழும் நாட்டின் அரச கரும மொழி, கூட்டறிக்கையைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. பாதி விளங்கித் தலையாட்டிவிட்டு வந்தால், அந்தத் தலையாட்டல் கண்டம் முழுவதன் சம்மதமாகப் பதிவாகும். பக்கத்துக் கதிரையில் இருக்கும் சிங்கள விவசாயியோடு தேநீர் நேரத்தில் பேசுங்கள். அவருக்கும் கடைக்கோடிப் பிரச்சினை இருக்கும். இரண்டு கண்டமும் சேர்ந்து கேட்கும் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது லேசல்ல.

பேசும்போது ஆளைக் குறிவைக்காமல் வேலையைக் குறிவையுங்கள். "திருத்தித் தருவோம்" என்ற பதிலோடு உட்காராதீர்கள். "யார் செய்வார், சேர்? எந்தத் திகதிக்குள்?" என்று கேட்டு, இரண்டையும் கூட்டறிக்கையில் எழுதும்படி சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது. அப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேளுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளாத தீர்மானம் நிறைவேறினால், "எங்கள் கண்டம் இதற்கு உடன்படவில்லை" என்பதையும் பதியச் சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை, பதிந்தால் போதும்.

திரும்பி வந்ததும்

மூன்று நாளுக்குள் கண்டத்துக்குச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு இருந்தால் அதில் எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல் கமநல நிலையத்திலும் உரக்கடையிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். கிடைக்காததையும் அதே தாளில் எழுதுங்கள். மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது என்றால் அப்படியே சொல்லலாம், ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். மறைத்தால் அடுத்த கண்டக் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்.

வயலுக்கு வெளியே உள்ளவர்கள்

ஆறு விவசாயிக்கு மட்டும் சொந்தமல்ல. நம் குழுக்களில் குறைவாகப் பேசப்படுவது இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். உன்னிச்சை நீர் வயலுக்கும் போகிறது, நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழியாக மட்டக்களப்பு மக்களின் குடத்துக்கும் போகிறது. வடியும் நீர் எல்லாம் கடைசியில் மட்டக்களப்பு வாவிக்குத்தான் வருகிறது. சுமார் 56 கிலோமீட்டர் நீளமான அந்த வாவியில் வலை போடுபவர்கள் உங்கள் வயலில் அடிக்கும் களைநாசினியையும் சேர்த்தே ஏற்கிறார்கள்.

மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டுவதா இல்லையா என்ற பேச்சு வரும்போது இது வெளிச்சத்துக்கு வரும். வயலில் வெள்ளம் நிற்கிறது, உடனே வெட்டுங்கள் என்பார் விவசாயி. இப்போது வெட்டினால் வாவி நீர் இறங்கி மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்பார் மீனவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மாவட்டச் செயலகத்தில் எடுக்கப்படும் அந்த முடிவுக்கு முன்னால், மீனவர் சங்கத்தவரை நீங்களே போய்ச் சந்தியுங்கள். எந்த நீர்மட்டம் வந்தால் வெட்டுவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால், வெள்ளத்தின் நடுவில் கூச்சல் குறையும்.

பண்ணையாளர்களும் அப்படித்தான். மாடுகளை அப்புறப்படுத்தத் திகதி குறிக்கும் நாம், அவற்றை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கும் மேசையில் இடம் கொடுக்க வேண்டும். மேய்ச்சல்தரை இல்லாமல் திகதி மட்டும் போட்டால் கட்டாக்காலிச் சண்டை பொலிஸ் நிலையத்தில் போய் நிற்கும்.

ஆற்றில் மண் அகழ்வதற்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். விவசாய அமைப்பு அதில் முடிவெடுக்க முடியாது. ஆனாலும் அகழ்வால் ஆற்றின் அடி தாழ்ந்து, உங்கள் அணைக்கட்டின் கீழ்ப்பக்கம் அரிக்கப்படுகிறது என்றால், படத்தோடும் திகதியோடும் திட்ட முகாமைத்துவக் குழுவில் பதிந்து, பிரதேச செயலாளருக்கும் பிரதி அனுப்பலாம். குழுத் தீர்மானமாகப் போகும் கடிதத்துக்குத் தனி முறைப்பாட்டை விட மதிப்பு அதிகம்.

குளம் நிரம்பும்போது மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவு திறப்பதும் உங்கள் விடயம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எந்த நீர்மட்டத்தில் கதவு திறக்கப்படும், திறக்குமுன் யாருக்கு அழைப்பு வரும், இரவு என்றால் யார் பள்ளத்திலுள்ள கிராமங்களுக்குச் சொல்வது என்பதை ஒக்டோபர் மாதத்துக்குள் குழுவில் கேட்டு, அந்தத் தொலைபேசிப் பட்டியலில் உங்கள் எண்ணையும் சேர்ப்பியுங்கள்.

பதில் வராவிட்டால்

முதலில் கடிதம், கிடைத்தது என்று அலுவலகத்தில் கையொப்பமிட்டுத் தந்த பிரதியோடு. பிறகு மாவட்ட விவசாயக் குழு. பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கும் எழுத்தில் கொடுக்கலாம். மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, நீர் திறந்த பதிவு போன்றவற்றைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும்.

காசு விடயம்

வாய்க்கால் திருத்த வேலைகளைச் சில சமயம் விவசாய அமைப்புக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பார்கள். நல்ல விடயம்தான், வேலை நம் கையில், காசு நம் ஊரில். ஆனால் மேசையில் வேலையைக் கேட்டு வாங்கியவரும், செய்விப்பவரும், சரி என்று கையெழுத்திடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வேலையை மேற்பார்வை செய்ய அந்த வாய்க்காலில் காணியுள்ள வேறு இருவரைப் பொதுக்கூட்டத்தில் தெரிவுசெய்யுங்கள். சீமெந்துப் பை எத்தனை வந்தது, எத்தனை இறங்கியது என்பது அவர்கள் கொப்பியில் இருக்கட்டும். உங்கள் மச்சானுக்கு உழவு இயந்திர வாடகை கொடுக்க வேண்டியிருந்தால், அதை முதலே கூட்டத்தில் சொல்லி, தீர்மானத்தில் நீங்கள் கை உயர்த்தாமல் விலகி நில்லுங்கள்.

உங்கள் காலம் முடியும்போது கூட்டறிக்கைக் கோவை, கையெழுத்துத் தாள்கள், நீர்மட்டக் கொப்பி, உத்தியோகத்தர்களின் பெயர் விபரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பொதுக்கூட்டத்தின் முன்னால் அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். முடிந்தால் முதல் ஒரு கூட்டத்துக்கு அவரோடு கூடப் போய், பொறியியலாளருக்கும் திட்ட முகாமையாளருக்கும் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.